நாலாவது காம்பு

பருத்திப்பால் எப்படிக் காய்ச்சுவது என்று போன வாரம் சின்னவன் கேட்டான். அவனும் கூட்டாளிகளும் சைக்கிளிலேயே மேட்டுப்பாளையம் போய், மூச்சு வாங்காமல் திரும்பி வரப் போகிறார்களாம். யார் முதலில் வருவது என்று பந்தயமாம். "நீங்க அந்தக் காலத்துல அதைக் குடிச்சுட்டுத்தானுங்கப்பா நாளெல்லாம் மிதிச்சீங்க? அம்மா சொல்லுச்சு" என்றான். "சொல்றேன் கண்ணு" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். தண்ணீர் காட்டி முடித்த பிறகும் வீட்டுக்குள் வர மனம் வரவில்லை.

வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன். நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருக்கும். உங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன் என்றாலும், மூத்தவளுக்கு இதில் மற்ற இருவரைவிடக் கூடுதலாகப் பங்கு உண்டு. அது ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலில் அவன் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். நல்ல முற்றிய பருத்திக்கொட்டையாகப் பார்த்து இரவே ஊறப்போட வேண்டும். விடிந்ததும் ஆட்டுக்கல்லில் போட்டுத் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைத்து, துணியில் கட்டிப் பிழிய வேண்டும். சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டு இன்னொரு தரம் பிழியலாம். வந்த பாலைச் சிறு தீயில் வைத்துக் கை விடாமல் கிளற வேண்டும். விட்டால் அடி பிடிக்கும், அடி பிடித்தால் அன்றைக்கு முழுவதும் ஏப்பத்தில் புகை வரும். கொதி வரும்போது ஒரு பிடி அரிசி மாவு கரைத்து ஊற்று. கருப்பட்டியைத் தட்டிப் போடு. சுக்கு கொஞ்சம். கடைசியில் உப்பு, இரண்டு விரலில் எடுக்கிற அளவு. உப்பை மட்டும் மறக்காதே. இனிப்புக்கு எதற்கு உப்பு என்று கேட்பாய். சட்டையில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே வியர்வை காய்ந்து, அதை நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரியும். தாகம் எடுத்த பிறகு குடிக்காதே, எடுப்பதற்கு முன்பே வாய் வாயாகக் குடி.

சக்கையை என்ன செய்வது என்று நீ கேட்க மாட்டாய். நானும் உங்கள் அம்மாவும் கேட்டோம். கேட்டு, எங்களுக்குத் தோதான பதிலை நாங்களே சொல்லிக்கொண்டோம்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து, முப்பத்தாறு வாக்கில். மலையிலிருந்து கோயமுத்தூருக்குக் கரண்டு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எங்கே பார்த்தாலும் நூல் மில் எழும்பிக்கொண்டிருந்தது. காற்று திரும்பினால் புதிது புதிதாகச் சங்குச் சத்தம் கேட்கும். எங்களுக்குச் சூலூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில் ரோட்டை ஒட்டிக் கொஞ்சம் மேட்டு நிலம், எங்கள் காடு. கிணற்றில் ஊற்று விட்டுப்போய், கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த எருதுகளை விற்றாகிவிட்டது. மானாவாரியாகப் போட்ட பருத்தி முட்டிக்கால் உயரம்கூட வரவில்லை. வீட்டில் நான், உங்கள் அம்மா, அப்போது மூன்று வயதுகூட நிறையாத மூத்தவள். கட்டுத்தரையில் ஒரு பசு, அதன் காலடியில் ஒரு கன்று. அவ்வளவுதான் குடும்பம்.

பசு உங்கள் அம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டில் ஒரு வழக்கம். கல்யாணமாகிப் போகிற மூத்த பெண்ணோடு ஒரு மாட்டையும் ஓட்டிவிடுவார்கள். அந்த மாடு ஈனும் முதல் கிடாரிக் கன்று, அந்தப் பெண்ணுக்குப் பிறக்கும் மூத்த மகளுக்கு. அப்படியே அம்மா வழியாக மகளுக்கு மாடும் வந்துகொண்டே இருக்கும். எங்கள் பசு இரண்டு காளைக்கன்று போட்ட பிறகு அந்த வருடம்தான் கிடாரி போட்டது. செவலை, நெற்றியில் சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி ஒரு புள்ளி. மூத்தவளே, அது உன்னுடைய கன்று. நீ அதைப் "பாப்பா" என்று கூப்பிட்டாய். உன்னையும் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிட்டோம். கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பீர்கள்.

எனக்கு ஒரு சைக்கிள் இருந்தது. பழையது, சீமைச் சரக்கு, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். அதை வைத்துத்தான் வேலை கிடைத்தது. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் பஞ்சு பார்த்து வாங்குகிறவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. பல்லடத்திலும் அதைத் தாண்டிக் காங்கயம் ரோட்டிலும் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற ஜின்னிங் பாக்டரிகள் உண்டு. விடியற்காலையில் கிளம்பி அங்கே போய், ஒவ்வொரு பாக்டரியிலும் அன்றைய பஞ்சில் ஒரு பிடி வாங்கி, துணியில் தனித்தனியாக முடிந்து, மில்லில் மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அவர் விரலால் பிரித்துப் பார்த்து விலை சொல்வார். சங்குக்குப் பிறகு வந்தால் அந்தப் பஞ்சு வேறு மில்லுக்குப் போய்விடும். பஸ் இருந்தது, ஆனால் ஆள் நிரம்பினால்தான் நகரும்.

"இத பாரப்பா" என்றார் அவர். "சீசன் முடியற வரைக்கும் ஒரு நாள் தப்பாம சங்குக்கு முந்தி வந்துட்டயின்னா, பஞ்சுக் குடோன்ல உன்னய நிரந்தரமா வெச்சுக்கச் சொல்றேன். ஒரு நாள் தப்புனாலும் வேற ஆளப் பாத்துக்குவேன். அப்பறம் வந்து எங்கிட்ட அழுகக் கூடாது."

"அழுக மாட்டனுங்க. வந்துருவனுங்க" என்றேன்.

முதல் வாரத்திலேயே அழுகை வந்தது. போகும்போது ஒன்றும் தெரியாது. திரும்பி வரும்போதுதான் வெயில் ஏறும், மேற்கே பார்த்து மிதிக்க வேண்டும். சூலூர் தாண்டியதும் ஒரு இடத்தில் கால் என்னுடையது இல்லை என்று ஆகிவிடும். மிதி மிதி என்று சொல்வேன், அது கேட்காது. காதுக்குள் ஒரு வண்டு கத்தும். கண்ணுக்கு முன்னால் ரோடு தண்ணீர் மாதிரி அலையும். சாப்பாடு போதவில்லை என்று முதலில் நினைத்தோம். உங்கள் அம்மா காலையில் கம்பங்களி போட்டாள். பல்லடம் போகிற வரைக்கும் வயிற்றில் கல் கிடந்தது. நீராகாரத்தில் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் கொடுத்தாள். குளுகுளுவென்று இருந்தது, ஆனால் போன வேகத்தில் வியர்வையாக வெளியே வந்துவிட்டது. பானகம் கரைத்தாள், குடித்த கொஞ்ச நேரம் பறந்தேன், அப்புறம் முன்னைவிட மோசமாக விழுந்தேன். கொள்ளை வேகவைத்த தண்ணீர் குடித்த அன்றைக்கு மூக்கில் ரத்தம் வந்து, பஞ்சு முடிச்சில் ஒன்று சிவப்பாகிவிட்டது. மில்காரர், அந்தப் பஞ்சு வாங்குகிறவர்தான், அதைத் தூக்கிப் பார்த்து, "இதென்ன புது ரகமா?" என்று கேட்டார்.

பருத்திப்பால் யோசனை உங்கள் அம்மாவுடையதுதான். போன வருடம் எங்கள் காட்டில் விளைந்த பருத்தியை ஜின்னிங்கில் போட்டுத் திரும்பி வந்த கொட்டை ஒரு மூட்டை இருந்தது. பசுவுக்காக வைத்தது. தினமும் கொஞ்சம் ஊறவைத்து, அரைத்து, தண்ணீரில் கலக்கி வைத்தால் பசு தொட்டியை நக்கி முடிக்கும். ஒரு நாள் ஆட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏனுங்க மாமா, கவலை இழுக்கற மாட்டுக்கு இதத்தானுங்க எங்கூட்ல வெப்பாங்க. சைக்கிள் இழுக்கற மாட்டுக்கு ஆகாதுங்களா?"

"கொம்பு மொளச்சுதுன்னா?"

"மொளைக்கட்டுமுங்க. கயித்தக் கட்டி வெக்கறதுக்கு எனக்கு வசதி."

பிழிந்தாள், காய்ச்சினாள், தூக்குப்போசியில் ஊற்றி மூடியைத் துணியால் இறுகக் கட்டிக் கைப்பிடியில் மாட்டிவிட்டாள். அன்றைக்குக் காங்கயம் ரோட்டில் நான் குடித்த முதல் வாய் இன்னும் ஞாபகம் இருக்கிறது. சுக்கு நெஞ்சில் இறங்கியது, பின்னாலேயே கொழுகொழுவென்று பால். வயிறு கனக்கவில்லை. சூலூர் வந்தது, போனது. வண்டு கத்தவில்லை. சங்குக்கு வெகு நேரம் முன்பே மில் வாசலில் நின்றேன். சூலூர் சோடாக் கடையில் நிற்கிறவர்களுக்கு எப்படியோ சேதி தெரிந்து, அடுத்த நாளிலிருந்து நான் அந்தப் பக்கம் போனாலே "ஹை, ஹை" என்று மாடு ஓட்டுவார்கள். "ஏனப்பா, புண்ணாக்கும் உண்டா, பருத்திக்கொட்டை மட்டுந்தானா?" என்று ஒருவன் கத்துவான். "உங்கூட்டுப் புண்ணாக்குத்தான் பாக்கி" என்று நானும் கத்திவிட்டு மிதிப்பேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சாறு எனக்கு, சக்கை பசுவுக்கு. எப்படியும் அதே கொட்டைதானே, வயிறு நிறைந்தால் சரிதானே என்று பேசிக்கொண்டோம். பசுவும் சக்கையைத் தின்றது. ஒன்றும் சொல்லவில்லை. மாடு என்ன சொல்லும்?

பருத்திப்பால் போகிற வழிக்கு. திரும்பி வருகிற வழிக்கு மோர். எங்கள் காட்டுக்கு வரும் வேலியோரத்து மண்பாதை, அந்த இட்டேரி, ரோட்டில் வந்து சேர்கிற இடத்தில் ஒரு வேப்பமரம். நான் பல்லடத்திலிருந்து திரும்பும் நேரத்துக்கு உங்கள் அம்மா மூத்தவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, சுரைக்குடுக்கை நிறைய மோரோடு அந்த நிழலில் நிற்பாள். சுரைக்குடுக்கையில் மோர் வெயிலிலும் சில்லென்று இருக்கும். நான் சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன், ஒரு காலை ஊன்றிக்கொண்டே பாதியைக் குடிப்பேன். மீதி குடுக்கையைக் குறுக்குக் கம்பியில் கட்டிக்கொண்டு போவேன். நல்ல கெட்டி மோர், உப்பும் கருவேப்பிலையும் போட்டது. யோசித்துப் பாருங்கள். அந்தப் பசுவுக்குப் போக வேண்டியதையும் நான் குடித்தேன், அதனிடமிருந்து வந்ததையும் நானே குடித்தேன்.

வைகாசி பிறந்ததும் காற்று ஆரம்பித்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்று உங்களுக்குத் தெரியும். அப்போது ரோட்டோரம் இவ்வளவு வீடு கிடையாது, மறைப்பு எதுவும் கிடையாது. சூலூரிலிருந்து மில் வரைக்கும் நெஞ்சில் யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். போசியில் பருத்திப்பால் போதவில்லை என்றேன். உங்கள் அம்மா கொட்டையைக் கூட்டிப் போட்டாள். சக்கையை ஒரு தரத்துக்கு மூன்று தரமாகப் பிழிந்தாள். பசுவின் பால் குறைந்தது. குறைகிறது என்று அவள்தான் முதலில் சொன்னாள். வெயிலுக்கு எல்லார் வீட்டு மாடும் குறையும் என்று நான் சொன்னேன். அதுவும் பொய் இல்லை.

பால் குறைந்தால் மோர் நீர்த்துப்போக வேண்டும் அல்லவா? நீர்க்கவில்லை. வேப்பமர நிழலில் அதே கெட்டி மோர்தான் வந்துகொண்டிருந்தது. இது எப்படி என்று மிதித்துக்கொண்டே ஒரு நாள் நினைத்தேன். நினைத்துவிட்டு, காற்றில் தலையைக் குனிந்துகொண்டேன்.

பால் கறப்பதில் எங்கள் வீட்டு முறை இதுதான். முதலில் கன்றை விட்டுச் சுரக்க வைத்து, பிடித்துக் கட்டிவிட்டு மூன்று காம்பு கறக்க வேண்டும். நாலாவது காம்பைத் தொடவே கூடாது. அது கன்றுக்கு. ஒரு நாள் விடியலில் சைக்கிளுக்குக் காற்று அடிக்கலாம் என்று சீக்கிரம் எழுந்து கட்டுத்தரைப் பக்கம் போனேன். உங்கள் அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்து கறந்துகொண்டிருந்தாள். கன்று முளைக்குச்சியில் கட்டியிருந்தது. அது கயிற்றை இழுத்து இழுத்துக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. அவள் கை நாலாவது காம்பில் இருந்தது.

நான் இருமினேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"அம்மணி, கன்னுக்கு உட்டயா?"

"உட்டேனுங்க" என்றாள், திரும்பாமலே.

விட்டிருந்தால் கன்றின் வாயில் நுரை இருக்கும். நுரை இல்லை. மண் இருந்தது. மூக்கிலும் உதட்டிலும் செம்மண் அப்பியிருந்தது. பால் போதாத கன்று மண் தின்னும் என்பது மாடு வைத்திருக்கிற வீட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் "செரி" என்று சொல்லிவிட்டுப் போசியை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்குக் காற்று பலமாக இருந்தது. குடுக்கையில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

உங்கள் அம்மாவைக் கேட்டால் எல்லாம் அவளாகச் செய்தது என்பாள். நம்பாதீர்கள். "உட்டேனுங்க" என்ற ஒரு வார்த்தையை நம்புவது எனக்கு அவ்வளவு சௌகரியமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாமா வந்தார். உங்கள் அம்மாவின் அண்ணன், பொங்கலூர்ப் பக்கம் அவர்கள் தோட்டம். அவர் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் கட்டுத்தரைக்குத்தான் போவார். அன்றைக்குப் போனவர் வெகு நேரம் திரும்பவில்லை. வந்து கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, சுவரில் சாய்த்திருந்த சைக்கிளைப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்பிள்ள, சைக்கிளுக்குக் கம்பி தெரியறது ஞாயம். கன்னுக்கும் கம்பி தெரியுதுங்களே?"

நான் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

"நாஞ் சொல்றதக் கேளுங்க" என்றார். குரல் இறங்கிவிட்டது. "எங்க கெணத்துல இன்னும் தண்ணி இருக்குது. பசும்புல்லு கெடக்குது. மாட்டையும் கன்னையும் இப்பவே ஓட்டிக்கிட்டுப் போறேன். மழை பேஞ்சதும் நானே கொண்டாந்து கட்டிப்போட்டுப் போறேன். கன்னு பொழச்சுக்கும்."

நான் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். அவள் மூத்தவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு நின்றுவிட்டது. அவள் என்ன நினைத்தாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. என் மனதில் ஓடியது எனக்குத் தெரியும். மாடு போனால் மோர் போகும். மோர் போனால் சூலூருக்கு அப்பால் அந்தக் காற்றில் நான் நின்றுபோவேன். சீசன் முடிய ஒரு மாதம்கூட இல்லை. ஒரு நாள் தப்பினால் குடோன் வேலை போய்விடும், அது போனால் இந்தக் காட்டில் எங்களுக்கு என்ன இருக்கிறது?

"சீசன் முடியட்டுமுங்க மச்சான்" என்றேன். "அப்பறம் ஓட்டிக்கிட்டுப் போங்க."

"கன்னுக்கு சீசன் தெரியுமுங்களா?" என்று கேட்டார். சாப்பிடச் சொன்னோம். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் உங்கள் அம்மா போசியில் ஊற்ற வந்தபோது, "எனக்கு இன்னைக்கு வேண்டாம் அம்மணி, கொட்டைய அப்படியே மாட்டுக்கு வெய்யி. நாலாவது காம்பத் தொடாத" என்று நானே சொன்னேன். சொல்லிவிட்டு நீராகாரத்தோடு கிளம்பினேன். வேப்பமரத்தடியில் நின்ற அவளிடமும் குடுக்கையை வாங்காமல் கை காட்டிவிட்டுப் போனேன். சூலூர் தாண்டியதும் விழுந்தேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தேன். எழுந்து தள்ளிக்கொண்டே ஓடி, மில் வாசலில் கால் வைக்கும்போது சங்கு ஊதிக்கொண்டிருந்தது. மில்காரர் சங்கு ஓயும்வரை காத்திருந்து, "ஊதி முடிக்கறதுக்குள்ள வந்துட்ட. அதனால வந்த கணக்குத்தான்" என்றார். "நாளைக்கு இப்படி வராத."

 அன்று ராத்திரி உங்கள் அம்மா முட்டியில் சிராய்ப்புக்கு மஞ்சள் வைத்துவிட்டாள். அடுத்த நாள் போசி நிறைந்திருந்தது. மோரும் வந்தது. வாங்கிக்கொண்டேன். ஒரே ஒரு நாள்தான் என்னால் நல்லவனாக இருக்க முடிந்தது.

கன்றுக்குக் கழிச்சல் கண்டது. எழுந்து நிற்காமல் போனது. வேப்பெண்ணெயும் வசம்பும் கொடுத்துப் பார்த்தாள். ஒரு நாள் மில்லிலிருந்து திரும்பி வந்து இட்டேரியில் இறங்கும்போதே பசு கத்துவது கேட்டது. பசிக்குக் கத்துவது வேறு, அது வேறு. கன்றின் மேல் ஒரு சாக்கைப் போர்த்தியிருந்தார்கள். நெற்றிப் புள்ளி மட்டும் வெளியே தெரிந்தது.

அன்று சாயங்காலம் பசு காலால் உதைத்தது, பாலை அடக்கிக்கொண்டது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்து ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கடைசியில் எல்லா ஊரிலும் செய்வதைத்தான் செய்தோம். தோலை உரித்து, உப்புப் போட்டுக் காயவைத்து, உள்ளே வைக்கோலை அடைத்துத் தைத்து, நாலு குச்சியைக் காலாக நட்டு, பசுவின் முன்னால் நிறுத்தினோம். பசு முகர்ந்தது. நக்கியது. நெற்றிப் புள்ளியைத்தான் அதிகமாக நக்கியது. பால் இறங்கியது. உங்கள் அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு கறந்தாள். நாலு காம்பையும் கறந்தாள், இனி யாருக்கு விடுவது?

மூத்தவளே, நீ அந்த வைக்கோல் கன்றின் பக்கத்தில் உட்கார்ந்து புல்லை அதன் வாயில் வைத்து வைத்துப் பார்த்தாய். சாயங்காலம் நான் சைக்கிளை நிறுத்தியதும் ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாய். "அப்பா, பாப்பா இப்ப மண்ணு திங்கறதில்லீங்கப்பா" என்றாய். சந்தோஷமாகச் சொன்னாய். உனக்கு அது ஞாபகம் இருக்காது. எனக்கு அந்த வார்த்தை மறக்கவில்லை.

அடுத்த நாள் வேப்பமரத்தடியில் உங்கள் அம்மா குடுக்கையை நீட்டினாள். நான் சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டேன்.

"என்னால முடியாது அம்மணி. அந்தப் பால நான் எப்படிக் குடிக்கறது?"

அவள் அழவில்லை. கோபமாகத்தான் பேசினாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அப்படி அவள் பேசி நான் கேட்டதில்லை.

"குடிங்க. நீங்க குடிக்காம ரோட்ல உழுந்து, வேலையும் போச்சுன்னா, கன்னு செத்தது எதுக்குங்க? அதச் சொல்லுங்க மொதல்ல. எம் புள்ளைக்கு வெச்சிருந்த கன்னு. சும்மா செத்துப்போச்சுன்னு என்னால இருக்க முடியாதுங்க. குடிச்சுப்போட்டுப் போங்க."

குடித்தேன். அதே கெட்டி, அதே உப்பு, கருவேப்பிலை வாசம். கெட்டுப்போயிருந்தால், கசந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ருசியாக இருந்தது. காற்றில் கால் சொன்னபடி கேட்டது. சோடாக் கடைக்காரர்கள் "ஹை, ஹை" என்றார்கள். நான் பதிலுக்குக் கத்தவில்லை, அவர்களுக்கு என்னமோ போல ஆகிவிட்டது போலிருக்கிறது. மறுநாளிலிருந்து அவர்களும் கத்தவில்லை. சீசன் முடிகிற வரைக்கும் ஒரு நாள்கூட நான் சங்குக்குப் பிந்தவில்லை.

மில்காரர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். ஆடி மாதத்தில் பஞ்சுக் குடோனில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வேலையில்தான் கிணற்றை ஆழப்படுத்தியது, அதில்தான் நடுவிலவனும் சின்னவனும் பள்ளிக்கூடம் போனது. இதைச் சொல்லிக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் சாப்பிட்ட சோற்றில் அது இருக்கிறது என்று நான் நினைக்காத நாள் குறைவு.

உங்கள் மாமா மழை பெய்ததும் வந்தார். கட்டுத்தரையில் வைக்கோல் கன்றைப் பார்த்தார், அப்போதே தோல் வெடித்து வைக்கோல் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருக்கலாம். அதன் பிறகு பசு ஈன்றதெல்லாம் காளைக்கன்று. கிடாரி போடவே இல்லை. இப்போது மூத்தவளின் கல்யாணத்துக்கு நான் ஒரு மாடு தருவேன், கண்ணபுரம் சந்தையில் நல்ல மாடாகப் பார்த்து. உங்கள் அம்மா அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பாள். ஆனால் அது உங்கள் அம்மாவோடு வந்த மாட்டின் வழி அல்ல, அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

குடோனில் சேர்ந்து முதல் சம்பளத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு மூட்டை பருத்திக்கொட்டை. சைக்கிளின் பின்னால் கட்டி, காற்று முதுகில் தள்ள வந்தேன். அன்றிரவே ஊறப்போட்டு, விடிந்ததும் நானே ஆட்டுக்கல்லில் அரைத்தேன். உங்கள் அம்மா துணியை எடுத்துக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். பிழியாமல், பாலும் சக்கையுமாக அப்படியே தொட்டியில் கொட்டிக் கலக்கினேன். பசுவுக்கு அப்போது மடி வற்றிப்போயிருந்தது, கொடுத்தாலும் எனக்கு ஒன்றும் வரப்போவதில்லை.

அது என் கையை முகர்ந்தது. தள்ளிவிடும், முட்டும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். முட்டட்டும் என்றுகூட நினைத்தேன். அது தொட்டிக்குள் மூக்கை விட்டு, மூச்சு விடாமல், தொட்டி காய்கிற வரைக்கும் தின்றது. தின்று முடித்துவிட்டு என் கையில் ஒட்டியிருந்ததையும் நக்கியது.